கட்டித் திசுவில் எம்எம்பி, கத்தெப்சின் என்சைம்களைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டுமா? (பெருங்குடல் புற்றுநோய், ஸ்டேஜ் 2)

#1 நெய்தல்கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 71. பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. பத்தாலஜி ரிப்போர்ட்டில் உள்ளது இது: டி3 என்0 (கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருக்கிறது, நெறிகட்டிக்குப் போகவில்லை), 18 நெறிகட்டிகள் பார்த்ததில் எதிலும் புற்று இல்லை, ரத்தக்குழாய்க்குள் ஊடுருவல் இல்லை. கடைசியில் ஒரு வரி: "எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இழப்பு. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 உள்ளது."

டாக்டர் கீமோ தேவையில்லை, ஃபாலோஅப் போதும் என்கிறார். வீட்டில் யாரும் இதை ஏற்கவில்லை. "எழுபதைத் தாண்டிட்டாருன்னு கை கழுவுறாங்க" என்று சித்தப்பா சண்டைக்கு நிற்கிறார். நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். கட்டித் திசுவில் எம்எம்பி-2, எம்எம்பி-9, கத்தெப்சின் பி, யூரோகைனேஸ் போன்ற என்சைம்கள் கூடினால் நோய் முற்றுகிறது என்று ஏகப்பட்ட ஆய்வுகள். ரிப்போர்ட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கட்டித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கை அனுப்பினால் "பரவல் என்சைம்" எல்லாம் மொத்தமாகப் பார்த்துத் தருகிறோம் என்று ஒரு தனியார் லேப் சொல்கிறது. நல்ல தொகை கேட்கிறார்கள். செய்யலாமா?

#2 மெழுகுக்கட்டை

பத்தாலஜியில் இருக்கிறேன். நீங்கள் தேடும் என்சைம் பரிசோதனை ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அந்தக் கடைசி வரிதான் அது.

செல் பிரியும் முன் டிஎன்ஏ நகலாகும்போது பிழைகள் விழும். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர்போல அவற்றைத் திருத்த ஒரு குழு உண்டு. எம்எஸ்எச்2-வும் எம்எஸ்எச்6-உம் சேர்ந்து பிழை எங்கே என்று காட்டும். பிஎம்எஸ்2 அந்த இழையை வெட்டிவிடும் என்சைம். எம்எல்எச்1 துணைக்கு இல்லையென்றால் பிஎம்எஸ்2 நிலைக்காமல் சிதைந்துவிடும். இரண்டும் ஒன்றாகக் காணாமல் போயிருப்பதற்குக் காரணம் இதுதான்.

'இழப்பு' என்று படித்ததும் நெஞ்சு பதறும், தெரியும். ஆனால் ஸ்டேஜ் 2-இல் இது நல்ல பக்கத்துச் சேதி. திருத்தப்படாத பிழைகளால் கட்டி செல்கள் விதவிதமான அந்நியப் புரதங்களை உண்டாக்குகின்றன, உடம்பின் எதிர்ப்பு செல்கள் அவற்றை அடையாளம் கண்டு சூழ்ந்துகொள்கின்றன. ஸ்லைடிலேயே கட்டிக்குள் லிம்போசைட்டுகள் மொய்த்திருப்பது தெரியும். பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. ஸ்டேஜ் 4-க்குப் போனவர்களிடம் பார்த்தால் அது 5 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதாவது இந்த வகை அவ்வளவாகப் பரவுவதில்லை.

அடுத்தது கீமோ. 2003-லும் 2010-லும் வந்த பெரிய ஆய்வுகளில், இந்த வகைக் கட்டி உள்ள ஸ்டேஜ் 2 நோயாளிகளுக்கு 5-எஃப்யூ என்ற கீமோ மருந்து மட்டும் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. அப்பாவின் டாக்டர் சொன்னது இன்று முக்கிய மருத்துவ வழிகாட்டிகள் சொல்வதுதான். நாற்பது வயது ஆளாக இருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

#3 சோதனைக்குழாய்

மெழுகுக்கட்டை அண்ணா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எம்எம்பி என்றதும் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. முனைவர் பட்டத்துக்கு இதில்தான் வேலை செய்தேன், கொஞ்சம் பேச விடுங்கள்.

1962-இல் தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எப்படிக் கரைகிறது என்று தேடியவர்கள் கொலாஜனைக் கரைக்கும் ஒரு என்சைமைக் கண்டார்கள். அந்தக் குடும்பத்துக்குத்தான் பிற்பாடு எம்எம்பி என்று பெயர் வந்தது. குடலின் உள்வரிச் செல்களுக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் முக்கியப் பொருள் நான்காம் வகைக் கொலாஜன். எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டும் அதைக் கரைக்கும். அந்தச் சவ்வைத் தாண்டினால்தான் பாலிப் புற்றுநோயாகிறது. ஆகவே இவற்றை அளந்தால் நோயின் போக்கு தெரியும் என்று நினைத்தது நியாயமான யோசனை.

ஜெலட்டின் கலந்த ஜெல்லில் திசுச் சாற்றை ஓட்டி, ஒரு ராத்திரி வைத்து, நீலச் சாயம் ஏற்றினால், என்சைம் ஜெலட்டினைத் தின்ற இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். 72 கிலோடால்டனில் எம்எம்பி-2, 92-இல் எம்எம்பி-9. பக்கத்து நல்ல திசுவில் மங்கலாக இருக்கும் பட்டை கட்டியில் பளிச்சென்று இருக்கும். இது உண்மை, நானே பார்த்தது. எம்எம்பி-7 இன்னும் சுவாரசியம், கட்டி செல்களே அதைச் சுரக்கின்றன. குடலில் பாலிப் வளரும்படி மரபணு மாற்றிய எலிகளில் எம்எம்பி-7-ஐ நீக்கினால் பாலிப்கள் பாதிக்கு மேல் குறைந்தன. 1997-இல் வந்த ஆய்வு.

#4 மெழுகுக்கட்டை

தம்பி, நீங்கள் ஜெல் ஓட்டியது ஐஸிலிருந்து எடுத்த பச்சைத் திசுவில். நெய்தல்கரையின் அப்பாவுடையது ஃபார்மலினில் ஊறி மெழுகில் ஏறிய திசு. அதில் ஜெல் ஓட்ட வழியில்லை, ஆன்டிபாடி போட்டு நிறம்தான் பார்க்கலாம். எம்எம்பி முதலில் செயலற்ற வடிவத்தில்தான் வெளியே வருகிறது. வழக்கமான ஆன்டிபாடி செயலற்றதையும் செயல்படுவதையும் பிரித்துச் சொல்லாது. பக்கத்திலேயே அதைத் தடுக்கும் டிம்ப் புரதங்கள் வேறு இருக்கும். நிறம் அடர்த்தியாக இருப்பதால் வேலை நடக்கிறது என்று ஆகிவிடாது.

அதோடு எம்எம்பி-9 பெரும்பாலும் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் செல்களிலிருந்து வருவது. கட்டியின் மேல்பரப்பு புண்ணாகி அழற்சி இருந்தால் அங்கே எகிறும், நடுவில் குறையும், ஊடுருவும் முனையில் வேறு மாதிரி இருக்கும். நான் எந்தத் துண்டை வெட்டினேனோ அதைப் பொறுத்து அப்பாவின் 'பரவல்' மாறும்! ஆபரேஷன் தியேட்டரில் ரத்த ஓட்டம் நின்றதிலிருந்து ஃபார்மலினில் போடும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்பது இன்னொரு தலைவலி. மாலை நேரக் கேஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

எம்எல்எச்1 நிறமூட்டலில் இந்தத் தொல்லை குறைவு. அதே ஸ்லைடில் நல்ல குடல் சுரப்பியும் லிம்போசைட்டும் இருக்கின்றன. அவற்றின் நியூக்ளியஸ் நிறம் ஏறி, கட்டியில் ஏறவில்லை என்றால் இழப்பு. அவையும் ஏறவில்லை என்றால் சாயம் சரியில்லை, மறுபடி போடு. இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குச் சாட்சி அந்த ஸ்லைடிலேயே நிற்கிறது. எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

#5 கணக்கன்

புள்ளியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் எரிச்சலோடு எழுதுகிறேன்.

"என்சைம் அதிகம் = ஆயுள் குறைவு" என்னும் கட்டுரைகளில் 'அதிகம்' என்பதற்கு எங்கே கோடு போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். பலவற்றில் பி மதிப்பு (முடிவு தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் எண்) நன்றாக வரும் இடத்தில்தான் கோடு. எல்லா இடத்திலும் கோடு போட்டுப் பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தால், 5 சதவீதம் இருக்க வேண்டிய தவறான முடிவு 40 சதவீதம்வரை போகும் என்று 1994-லேயே காட்டிவிட்டார்கள். இந்த ஒழுங்கின்மையைக் கட்டுப்படுத்த 2005-இல் ரிமார்க் என்ற வழிகாட்டி வந்தது. அதற்குப் பிறகும் அறுபது எழுபது நோயாளிகள், ஒரே மருத்துவமனை, புதுக் கோடு என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

இன்னொன்று. என்சைம் ஸ்டேஜோடு சேர்ந்து கூடுகிறது என்று காட்டினால் நோயாளிக்கு என்ன லாபம்? ஸ்டேஜ்தான் ஏற்கெனவே தெரியுமே. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் டியூக்ஸ் என்ற பத்தாலஜிஸ்ட் 1932-இல் வெறும் மைக்ராஸ்கோப்பை வைத்துச் சொல்லிவிட்டார். ஒரே ஸ்டேஜில் இருக்கும் இருவரில் யாருக்குத் திரும்ப வரும் என்று பிரித்துச் சொன்னால்தான் அது குறியீடு.

#6 சோதனைக்குழாய்

ஸ்டேஜோடு கூடுவது என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கத்தெப்சின் பி, எல் இரண்டின் செயல்பாட்டை 1980களின் கடைசியில் அளந்தபோது, உச்சம் இருந்தது டியூக்ஸ் ஏ-வில், ஆரம்ப நிலையில். முற்றிய கட்டிகளில் குறைவு. சுவரைத் துளைக்கும் வேலை ஆரம்பத்திலேயே நடக்கிறது என்று வைத்தால் புரியும். ஆனால் 'அளவு கூடினால் முற்றியது' என்று ரிப்போர்ட் அடிக்கும் லேப் இதை என்ன செய்யும்?

நல்ல செல்லில் இருந்து கட்டியில் குறையும் என்சைம்களும் உண்டு. 15-பிஜிடிஎச் அப்படி ஒன்று. அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினை உடைப்பது அதன் வேலை. புற்றுநோயில் அது சரிந்துவிடும்.

எம்எம்பி-யைத் தடுக்கும் மருந்துகள் புற்றுநோய்ச் சோதனைகளில் தோற்றுப்போன கதையை நீட்டவில்லை. மாரிமாஸ்டாட்டில் மூட்டுவலி. டானோமாஸ்டாட்டை நுரையீரல் புற்றுநோயில் சோதித்தபோது வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மோசம் என்று நிறுத்தினார்கள். எலியில் பலன் கண்டது ஆரம்பக் கட்டத்தில், மனிதர்களில் கொடுத்ததோ பரவி முடிந்த பிறகு. எம்எம்பி-8 போலப் பாதுகாப்பு தரும் உறவினர்களும் அந்தக் குடும்பத்தில் உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

#7 பசுமைவழி

இவ்வளவு என்சைம் பேசுகிறீர்கள், யாரும் இயற்கை என்சைம் பற்றிச் சொல்லவில்லையே. பப்பாளி என்சைம், கணைய என்சைம் மாத்திரை எடுத்தால் கட்டியின் உறை கரையும் என்று நிறைய பேர் குணமாகியிருக்கிறார்கள். பக்க விளைவே இல்லை. தேவைப்படுவோர் தனிமடலில் வாருங்கள்.

#8 இரவுப்பணி

தனிமடல் வேண்டாம், இங்கேயே பேசலாம். புற்றுநோய் வார்டு பார்மசியில் இருக்கிறேன்.

கணைய என்சைமால் புற்றுநோய் கரையும் என்பது ஜான் பியர்ட் என்ற ஆய்வாளர் 1900களின் தொடக்கத்தில் சொன்னது. அதைச் சோதிக்காமல் விடவில்லை. அமெரிக்காவில் கணையப் புற்றுநோயாளிகளை வைத்து கீமோவோடு ஒப்பிட்டார்கள். 2010-இல் முடிவு வந்தது. கீமோ எடுத்தவர்கள் நடுவாக 14 மாதம், என்சைம் முறையில் போனவர்கள் 4.3 மாதம். வாழ்க்கைத் தரமும் கீமோ பக்கம்தான் நன்றாக இருந்தது. வாய்வழி விழுங்கும் என்சைம் புரதம்தானே, அதுவும் பெரும்பாலும் மற்ற புரதம்போல ஜீரணமாகிவிடும். நீங்கள் நல்லது நினைத்துச் சொல்லியிருக்கலாம், ஆனால் ஆபரேஷன் முடிந்த பெரியவர் வீட்டில் இதைக் கிளப்பாதீர்கள்.

#9 மட்டுறுத்துநர்

#7-இல் இருந்த விற்பனை இணைப்பு நீக்கப்பட்டது. பதிவை விட்டுவைக்கிறோம், பதில் உள்ளதால்.

#10 இரவுப்பணி

வந்தது வந்தேன், ஒரு விஷயம். என்சைமை அளந்து நிஜமாக உயிர் காப்பாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியில் அளப்பதில்லை.

5-எஃப்யூ மருந்து 1957-இல் வந்தது. அது தைமிடிலேட் சிந்தேஸ் என்ற என்சைமைப் பூட்டிவிடும், கட்டிக்கு டிஎன்ஏ-வுக்கான தைமின் கிடைக்காது. கேப்சிடபின் மாத்திரை என்றால் கடைசிக் கட்டத்தில் தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ் அதை 5-எஃப்யூ ஆக்கும். அந்த என்சைம் கட்டியில் அதிகம். உடம்புக்குள் போன 5-எஃப்யூவில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரலில் டிபிடி என்ற என்சைம் உடைத்து வெளியேற்றுகிறது. 2000 வாக்கில் இந்த மூன்றையும் கட்டித் திசுவில் அளந்து, மூன்றும் குறைவாக இருப்பவர்களுக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. நடைமுறைக்கு வரவில்லை, ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறியது.

தங்கியது டிபிடி மட்டும். பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்களுக்கு வழக்கமான டோஸே விஷம். வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் தரைமட்டம். ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் மருந்து தொடங்கும் முன் பரிசோதிக்கச் சொல்லிவிட்டது. ரத்தத்தில் மரபணு பார்க்கலாம், யுராசில் அளவும் பார்க்கலாம். வழக்கமாகப் பார்க்கும் நான்கு மரபணு மாற்றங்களும் ஐரோப்பிய மக்களை வைத்துத் தேர்ந்தவை, நம்மிடையே அவை அரிது. ஆகவே நம் நோயாளிக்கு 'இல்லை' என்று வந்தாலும் முதல் சுற்றில் கண் வைத்திருக்க வேண்டும். மருந்து தொடங்கிய முதல் வாரத்திலேயே கடும் பேதி என்றால் வீட்டில் மோரும் கஞ்சியும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். விஷத்தை முறிக்கும் மருந்து இருக்கிறது, யுரிடின் ட்ரைஅசிடேட். கடைசி டோஸிலிருந்து 96 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நெய்தல்கரையின் அப்பாவுக்கு இது தேவையில்லை. இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

#11 வடமராட்சியான்

எங்கட அம்மாவுக்கு மலக்குடலில. முதல் றேடியேசனும் குளிசையும் குடுத்து, பிறகுதான் ஒப்பறேசன். இப்ப வந்த ரிப்போட்டில எம்எஸ்எச்6 "மங்கல், சில இடங்களில் மட்டும்" எண்டு போட்டிருக்கு. மற்ற மூண்டும் இருக்காம். இது பரம்பரை வருத்தமா? தங்கச்சியும் நானும் பயந்து போயிருக்கிறம்.

#12 மெழுகுக்கட்டை

ரேடியேஷன், கீமோ முடிந்த கட்டியில் எம்எஸ்எச்6 நிறம் குன்றுவது தெரிந்த விஷயம். மரபணுக் கோளாறு இல்லாமலேயே அப்படி வரும். சிகிச்சைக்கு முன் எடுத்த முதல் பயாப்சியின் பிளாக் ஆஸ்பத்திரியில் இருக்கும், அதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் இல்லை என்றால் மரபணு ஆலோசனைக்குப் போகலாம்.

மலக்குடல் என்பதால் இதையும் சொல்கிறேன்: இந்தப் பரிசோதனையைச் சிகிச்சைக்கு *முன்* செய்வது இன்று முன்பைவிட முக்கியம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் திருத்தும் என்சைம்கள் இழந்த மலக்குடல் கட்டிக்கு டோஸ்டார்லிமாப் என்ற, எதிர்ப்பு செல்களைத் தூண்டிவிடும் மருந்தை மட்டும் கொடுத்தார்கள். 2022-இல் வெளியானபோது சிகிச்சை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி முழுக்க மறைந்திருந்தது, ஆபரேஷனும் இல்லை, ரேடியேஷனும் இல்லை.

#13 சோதனைக்குழாய்

'அளவு' வகைக் குறியீடுகளில் கரை சேரப்பார்த்தது காக்ஸ்-2, புரோஸ்டாகிளாண்டின் உண்டாக்கும் என்சைம். 1994-இல், பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 85 சதவீதத்தில் அது கூடியிருப்பதைக் காட்டினார்கள். நல்ல திசுவில் கிட்டத்தட்ட இல்லை. சரி, அதைத் தடுப்போம் என்று ரோஃபெகாக்ஸிப் (வயாக்ஸ்) என்ற மூட்டுவலி மருந்தைப் பாலிப் வந்தவர்களிடம் சோதித்தார்கள். அந்தச் சோதனையில்தான் மாரடைப்பு, பக்கவாதம் கூடுவது வெளிப்பட்டு 2004 செப்டம்பர் 30 அன்று வயாக்ஸ் சந்தையிலிருந்தே போனது. மூட்டுவலி மருந்தைக் கவிழ்த்தது குடல் ஆய்வு என்பது பலருக்குத் தெரியாது.

ஆஸ்பிரின் மட்டும் தப்பியது. காக்ஸ்-2 கூடிய புற்றுநோய்களைத்தான் அது குறைக்கிறது என்று 2007-இல் ஒரு பெரிய ஆய்வு. ஆக என்சைம் அளவு ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

#14 கணக்கன்

ஆனால் கடைசியில் ஜெயித்தது காக்ஸ்-2 நிறமூட்டல் இல்லை, கவனியுங்கள். 2025-இல் வந்த 'அலாஸ்கா' என்று பெயரிட்ட சோதனை (நடந்தது ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து) பிஐ3-கைனேஸ் பாதையில் மரபணு மாற்றம் உள்ளவர்களை மட்டும் எடுத்தது. சோதித்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு அது இருந்தது. தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மூன்று ஆண்டு. முக்கியக் குழுவில் நோய் திரும்பியது 7.7 சதவீதம், வெற்று மாத்திரையில் 14.1. அந்தக் கைனேஸும் ஒரு என்சைம்தான். அதன் அளவை யாரும் அளக்கவில்லை, மரபணு மாறியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

குடல் புற்றுநோயில் பார்க்கும் மற்ற மரபணுக்களும் இப்படித்தான்: கேராஸ் ஜிடிபி என்ற மூலக்கூறை உடைக்கும் என்சைம், பிராஃப் ஒரு கைனேஸ். எல்லாம் ஆம்/இல்லை கேள்விகள். ஆமென்றால் சிகிச்சை மாறும். எம்எம்பி-9 இத்தனை யூனிட் என்று வந்தால் எந்த டாக்டர் எதை மாற்றுவார்?

#15 சோதனைக்குழாய்

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லைதான். ஆனால் அளவை ஒழுங்காக அளக்கும் கருவி வராததால் என்சைம் மேல் பழி போடுகிறோம் என்றே இன்னும் நினைக்கிறேன். செயல்படும் என்சைம் பட்டால் மட்டும் ஒளிரும் மூலக்கூறுகளை ஆபரேஷன் நேரத்தில் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். பத்து வருஷம் கழித்து இதே இழையில் பேசுவோம்.

#16 நெய்தல்கரை

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் போய், கீமோ ஏன் வேண்டாம் என்பது இந்த எம்எல்எச்1 வரியாலா என்று நேராகக் கேட்டேன். ஆமாம் என்றார். பரம்பரையா என்று பிரித்தறிய பிராஃப் பரிசோதனை அனுப்பியிருந்தாராம். வி600இ மாற்றம் இருக்கிறது என்று வந்துவிட்டது. வயதான காலத்தில் எம்எல்எச்1 மரபணு தானாக அணைந்துபோன வகை, லின்ச் நோய்க்குறி இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம், எனக்கும் தம்பிக்கும் அதற்காக மரபணுச் சோதனை தேவையில்லை என்றார். ஆனால் இணையத்தில் பிராஃப் இருந்தால் மோசம் என்று போட்டிருக்கிறதே?

#17 மெழுகுக்கட்டை

திருத்தும் என்சைம்கள் ஒழுங்காக இருக்கும் கட்டிகளில், அதிலும் பரவிய நிலையில், பிராஃப் வி600இ மோசமான அடையாளம். அப்பாவுடைய வகையில், ஸ்டேஜ் 2-இல், அந்தக் கணக்கை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. இங்கே அதன் வேலை பரம்பரையா இல்லையா என்று சொல்வது, சொல்லிவிட்டது. சிஇஏ ரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன், கொலோனோஸ்கோபி தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

#18 நெய்தல்கரை

சரி. லேப் பேக்கேஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இப்போது சித்தப்பா #14-ஐப் படித்துவிட்டு, அண்ணனுக்கு நாளையிலிருந்தே ஆஸ்பிரின் என்கிறார். அப்பாவுக்குக் குடல்புண்ணில் ரத்தம் கசிந்த பழைய கதை உண்டு.

#19 இரவுப்பணி

தொடவே வேண்டாம். பிஐ3-கைனேஸ் மாற்றம் இருக்கிறதா என்றே தெரியாது, ரத்தம் கசிந்த வயிறு வேறு. அடுத்த விசிட்டில் சித்தப்பாவையும் கூட்டிப் போய் அவரையே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.